முன்பாரம்

– ஏறு மேரி. இன்னும் எம்புட்டுத் தூரம் நடப்ப? நானும் உன் பின்னாலயே ஜீப்ப உருட்டிக்கிட்டு வாரேன், இஞ்சின் சூடாயிருச்சு.

– ஆகட்டும். நீ போ ஷிஜு. ஏலத்தோட்டம் வரைக்கும் நான் நடந்துதான் வருவேன்.

– பின்னால பூரா உர மூட்டை, கேட்டியா? பின்பாரம் அழுத்துனா சிலுவ நிக்கிற குருசடி ஏத்தத்துல முன்வீலு தரையில நிக்காது. ஸ்டியரிங்க எந்தப் பக்கம் ஒடிச்சாலும் வண்டி பள்ளத்தப் பாத்துத்தான் போகும். நீ பானட்டு மேல ஒக்காந்தாத்தான் முன்பாரம் சரியா வரும்.

– சும்மா கெட. இந்த எஸ்டேட்டுல வேற ஆளே இல்லையா?

– செவ்வாக்கெழம புது சாமியார ஏத்துனேன். ஊதுனாப் பறக்குற ஒடம்பு. பாதி ஏத்தத்துல வீலு தூக்கிருச்சு. மனுசன் குதிச்சு எறங்கி, செபமாலைய எடுத்துக்கிட்டு நடந்தே போய்ட்டாரு.

– நல்லாச் சிரிப்பு காட்டுற. நான் எடை கொறைக்கணும் ஷிஜு. ராத்திரிக்குக் கோதுமைக் கஞ்சி, காலைல வெள்ளரிக்கா. பொண்ணு பாக்க வந்த அடிமாலி மாப்பிள்ளையோட அம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? "பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா ரெண்டு பேரு சீட்டுல ஒருத்தியா ஒக்காருது"ன்னு.

– அந்தம்மாவ இந்த ஏத்தத்துக்குக் கூட்டிட்டு வா. கனத்தோட அருமை அப்பத் தெரியும்.

– ஞாயித்துக்கெழம வாராங்க. நான் சரின்னு தலையாட்டுனா அடுத்த வாரமே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சுருவாங்க.

– நீ என்ன சொல்லப் போற?

– எங்கம்மா கத்துனா நான் சிரிப்பேன். நான் மொறச்சா அம்மா அடங்கிரும். அப்படித்தான் எங்க லயத்து வீடு இத்தன நாளும் கவிழாம ஓடுது. இந்த விசயத்துல மட்டும் அம்மா ஒரு பக்கமா அழுத்தி ஒக்காந்துருச்சு. எதிர்ப்பக்கம் வைக்க எங்கிட்ட என்ன இருக்கு? சொல்லு. அங்க என்னத்தக் குனிஞ்சு பாக்குற?

– இந்தா பாரு. கிரீஸ் டப்பா பாதி காலி. கிளீனர் ரிஜின் பயதான் எடுத்துருப்பான், அவன இன்னைக்கு விடமாட்டேன்.

– ஆண்டவரே. நான் எதப் பேசுறேன், இவன் எதப் பேசுறான். சரி, நிறுத்து. குருசடி வந்துருச்சு, ஏறுறேன். உன்னயப் பள்ளத்துல விட்ட பாவம் எனக்கு எதுக்கு? ஆனா இதுதான் கடைசி. நான் அடிமாலி போனப்புறம் வேற ஆளப் பாத்துக்க.

– வேற ஆளு வேண்டாம்.

– பின்ன வண்டி எப்படி ஏறும்?

– நீ ஒக்காராட்டியும் ஏறும். பம்பருக்கு அடியில குனிஞ்சு பாரு. தண்டவாளத் துண்டு, எண்பது கிலோ. போன வருசம் பெரிய வெள்ளிக்கு முந்தியே வெல்டிங் வச்சுட்டேன்.

– அப்ப அன்னையில இருந்து சும்மாவா என்னய ஏத்திக்கிட்டுப் போற?

– ஆமா. நீ ஒக்காந்தா எனக்கு ரோடே தெரியாது, கேட்டியா. உன் முதுகுதான் தெரியும். நீ சொல்லுறதக் கேட்டுத்தான் வளைவுல திருப்புவேன். சாமியார் கதையும் பொய்தான். உங்கம்மாவுக்கு எதிர்ப்பக்கம் வைக்க ஆளு வேணும்னா… ஞாயித்துக்கெழம நான் வரட்டா? கோவம்னா திட்டிரு மேரி.

– சாமியார் பேர்ல சொன்ன பொய்க்கு மொதல்ல பாவசங்கீர்த்தனம் பண்ணு. அப்பறம், அந்த ரிஜினத் திட்டாத. மழையில உன் இரும்பு துருப்பிடிச்சுரக் கூடாதுன்னு கிரீஸ் தடவுனது நான்தான்.