காலி அறையின் மூச்சு

பேனா மூடியால் காது குடையக் கூடாது, மேடம். காலையில் நான் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து மூன்று தடவை பார்த்துவிட்டேன். சவ்வு கிழிந்தால் பெரிய தொல்லை. எல்லாவற்றையும் என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். காதை வைத்துப் பிழைத்தவன் என்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கணினிக்குக் கேட்கச் சொல்லித் தருகிறோம். செயற்கை நுண்ணறிவு என்றதும் ஆளாளுக்கு வாயைப் பிளக்கிறார்கள். உண்மையில் அது ஒன்றாம் வகுப்பு வாத்தியார் வேலை. மருத்துவமனையில் நோயாளிகள் மூச்சு விடுவதைப் பதிவு செய்து, பத்து நொடித் துண்டுகளாக வெட்டுவோம். ஒவ்வொரு துண்டையும் ஹெட்போனில் கேட்டு, இது சாதாரண மூச்சு, இது இருமல், இது மூச்சுத் திணறல் என்று பெயர் ஒட்டுவோம். ஆயிரக்கணக்கில் இப்படிக் கொடுத்தால், பிறகு யாருக்காவது மூச்சு அடைக்கும்போது கணினி தானாகவே கண்டுபிடித்து அலாரம் அடிக்கும். இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு ஒரே பெயரை ஒட்டினால்தான் அந்தத் துண்டு செல்லும். ஒருவன் நான். இன்னொருத்தி அவள்.

இரண்டரை வருடம் ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து பதினெட்டாயிரம் துண்டுகள் கேட்டோம். அவள் என்னைவிட ஒன்பது வயது சின்னவள். வேலைக்குச் சேர்ந்த அன்றே "அண்ணா" என்றாள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அந்த ஒரு சொல்லில் உருகிப்போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அம்மா இல்லாத பெண். அப்பா பள்ளியில் விளையாட்டு வாத்தியாராக இருந்து, பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தவர். வாய் கொஞ்சம் கோணியிருந்தாலும் நக்கல் குறையவில்லை. என்னை "வாடா மூத்தவனே" என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு எச்சில்கூடப் புரை ஏறும். ஏறினால் உடனே ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தொண்டையைச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். அதற்காகவே பகல் முழுக்க ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

போன வருடம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரே ஒரு முனைவர் பட்ட ஆய்வு இடம் வந்தது. ஒலிப் பகுப்பாய்வில் செயற்கை நுண்ணறிவு. எனக்காகவே தைத்த சட்டை மாதிரி இருந்தது. அறிவிப்பைக் கொண்டுவந்து காட்டியதே அவள்தான்.

"மொதல்ல நீங்க போங்கண்ணா. நான் அடுத்த தடவ பாத்துக்கறேன்" என்றாள். என் விண்ணப்பத்துக்கு அவளே உட்கார்ந்து பிழை திருத்தினாள். ஒரு பத்தியை நான்கு முறை மாற்றி எழுத வைத்தாள். இரண்டு மாதம் கழித்து அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அதில் ஒரே பெயர், அவளுடையது.

கூட இருந்தே கழுத்தை அறுத்துவிட்டாள், மேடம். அதைத் தவிர வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மேசையின் என் பக்கத்துக்கு வந்து, "அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் கேளுங்க" என்றாள். "அட, இதுல என்ன இருக்கு. வாழ்த்துகள்" என்று சிரித்துக்கொண்டே ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். மாலையில் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தவனும் நான்தான்.

அடுத்த வாரம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பழைய பதிவுகளைக் கணினிக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பதிவில் நோயாளியே இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் காலிக் கட்டிலுக்கு யாரோ விரிப்பு மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். கணினி சொன்னது: மூச்சுத் திணறல், தொண்ணூற்றேழு சதவீதம். ஆளே இல்லாத அறைக்கு மூச்சுத் திணறுகிறதாம். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

விஷயம் எளிமையானது. திணறல் பதிவுகள் எல்லாமே அந்த ஒரு பிரிவில் எடுத்தவை. அங்கே ஒரு பழைய ஏசி ஓயாமல் உறுமும். சாதாரண மூச்சுகளை எடுத்தது புறநோயாளிகள் அறையில், அங்கே ஏசி கிடையாது. மூச்சைக் கேட்கிற கஷ்டமான வேலையை விட்டுவிட்டு, கணினி உறுமலை மட்டும் பிடித்துக்கொண்டது. உறுமல் இருந்தால் திணறல், இல்லாவிட்டால் ஆள் நலம். தேர்வு வைத்ததும் அதே இரண்டு அறைகளின் பதிவுகளை வைத்துத்தான், அதனால் எப்போதும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியது.

அவள் உட்காருவது எனக்கு எதிரேதான். வந்ததும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுடைய ஆய்வே இதன் மேல்தான் நிற்கப்போகிறது. மூன்றாம் வருடம் பெரிய பெரிய ஆட்கள் முன்னால் யாராவது இதைக் கண்டுபிடித்து, அவள் மூக்குடைபட வேண்டும். அப்போது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் என் ஆசை அவ்வளவுதான், அது நியாயமான ஆசை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் அவளுக்குப் பொறுமை இல்லை. மூச்சைக் கேட்டு அலாரம் அடிக்கும் கருவியை முதலில் தன் அப்பாவுக்கே வைக்க வேண்டும் என்றாள். பொருத்திக் கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டாள். அவர் அறையில் ஏசி இல்லை, மின்விசிறிகூடச் சத்தமில்லாமல் சுற்றும். கட்டிலின் தலைமாட்டில் மைக்கை மாட்டினேன்.

"ஒட்டுக் கேக்க இந்த வீட்ல ஒரு ஆள் கொறஞ்சுது. அதுவும் வந்தாச்சா?" என்றார் அவர்.

சோதிக்க வேண்டுமே, சொன்னவுடன் அவரால் திணற முடியுமா? "பழைய பதிவு ஒண்ண ஸ்பீக்கர்ல போட்டுப் பாப்போம்" என்று யோசனை சொன்னவன் நான். அந்தப் பதிவுக்குள்ளேயே ஏசி உறுமிக்கொண்டிருந்தது. அவள் போன் அலறியது. அவள் குழந்தை மாதிரிக் கை தட்டினாள்.

பிறகு சமையலறைப் பக்கம் என்னைக் கூட்டிப்போய், "அப்பாவப் பாத்துக்கற அக்காவோட மகளுக்குப் பிரசவமாம், வேலைய விட்டு நிக்கணும்னு சொல்றாங்க. வேற ஆள் தேடணுமா, இல்ல இதையே நம்பலாமாண்ணா? பக்கத்து வீட்ல ஒரு நர்ஸ் இருக்காங்க, போன் அடிச்சா ரெண்டு நிமிஷத்துல வந்துருவாங்க. நீங்க சொன்னா சரி" என்றாள்.

"தாராளமா நம்பலாம். என்னவிட அதுக்கு நல்லாவே காது கேக்கும்" என்றேன்.

மறுநாளே அந்த அம்மாள் நின்றுவிட்டார். பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராவது நாள் புதன்கிழமை, மதியம் மூன்று மணி. அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். போன் மேசை மேல் இருந்தது, திரையில் பச்சைப் புள்ளி. நலம் என்று அர்த்தம். என் ஹெட்போனில், நான் மாட்டிய மைக் வழியாக, அவள் அப்பாவின் அறை நேரடியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் நாளிலிருந்தே தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். முதலில் ஒரு இருமல். அப்புறம் புரை ஏறியது. நான் பழக்கப்படி பத்து நொடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் பெயர் ஒட்டினேன். இருபத்தாறு துண்டுகள். ஒன்றில்கூட என் காது தவறவில்லை. நடுவில் அவள் பிஸ்கட் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள், ஒன்று எடுத்துக்கொண்டேன். இருபத்தேழாவது துண்டில் பெயர் ஒட்ட எதுவும் இல்லை. பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது.

இதுதான் நடந்தது. எனக்குத் தெரியும், தெரிந்தேதான் செய்தேன். கருவியின் கோளாறு என்று வேறு யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்துப் பேராசிரியருக்கு அவள் எழுதிய கடிதத்தை நேற்று காட்டினீர்கள். அதைப் பற்றியும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். இரண்டு முறை படித்தேன். எனக்கு வயது வரம்பு தாண்டிவிட்டதால் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்களாம். இடம் வெளியாள் கைக்குப் போய்விடாமல் இருக்க, கடைசி நாளில் தன் பெயரைக் கொடுத்தாளாம். எனக்கு வயது விலக்கு வாங்கித் தரும்படி கெஞ்சியிருக்கிறாள், அந்த விலக்கு கிடைத்த அன்றே தான் விலகிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கடிதத்தில் இருப்பது, பலகையில் அந்தத் தாளை ஒட்டுவதற்கு மூன்று வாரம் முந்தைய தேதி.

நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், மேடம். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அண்ணா அண்ணா என்று அத்தனை முறை கூப்பிட்டவள், இதைக்கூட என்னிடம் மறைத்திருக்கிறாள் பாருங்கள்.