முப்பத்திரண்டில் பதினேழு

இன்னும் நெருங்கி உட்காருங்கள்... அந்த ஜன்னலையும் சாத்திவிடுங்கள். இது நம் பிரபாவின் சொந்த மாமாவுக்கு நடந்தது. புளுகு என்பவர்கள் தனியாகப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். இருட்டத் தொடங்கும் நேரம். பெங்களூர்ப் பக்கம் பொம்மசந்திராவில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு மண் ரோடு... ஈ காக்கை இல்லை. வேலை முடிந்து சுந்தரேசன் மாமா நடந்து வருகிறார். வீட்டை நெருங்கும்போது அந்தச் சத்தம்.

டொய்ங்...

மாமாவுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். குழந்தைகள் விளையாடிக்கொண்டே கணக்குப் படிக்க அவர் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியிருந்தார். விடை தப்பானால் டொய்ங். சரியாகும்வரை அதே கணக்கு, வெளியே வர வழியே கிடையாது. அதில் அவருக்கு ஏகப் பெருமை.

எதையும் முதலில் மகள் சஹானாவிடம்தான் போட்டுப் பார்ப்பார். இரண்டாம் வகுப்பு. முப்பத்திரண்டில் பதினேழு போனால் இருபத்தைந்து என்பாள். "பெரிசுலேர்ந்துதானேப்பா சின்னதக் கழிக்கணும்? ஏழுலேர்ந்து ரெண்டு போனா அஞ்சு!"

கடைசியாக அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது உடம்பு அனலாய்க் கொதித்தது. "நாளைக்குப் போடறேம்ப்பா..." என்றாள். "முடிச்சுட்டு எழுந்துரு" என்றார். முடிக்கவில்லை. மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை திரும்பி வரவே இல்லை. பாவி மனுஷன், அதற்கப்புறம் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

வாசலில் அவர் மனைவி, சீதாலட்சுமி அத்தை நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க... உள்ளே இருக்கேள்னுன்னா நெனச்சேன்?"

உள்ளே போனார். நாற்காலி காலி. ஆனால் யூகலிப்டஸ் தைல வாசனை... காய்ச்சலின்போது அவள் நெஞ்சில் தடவியது. திரையில் அதே கணக்கு. கீபோர்டில் டக்... டக்... இரண்டு, ஐந்து. டொய்ங். மறுபடி டக்... டக்... ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மெதுவாக. குழந்தை களைத்துப்போயிருந்தது.

நாமென்றால் பிடரியில் கால்பட ஓடியிருப்போம். அவர் அப்பா அல்லவா... நாற்காலிப் பக்கத்தில் மண்டியிட்டார். புரோகிராமைத் திறந்து, பதினைந்து என்று இருந்த விடையை அழித்தார். இருபத்தைந்து என்று எழுதினார். கணக்கே தெய்வம் என்றிருந்த மனுஷன்!

"சரிதாண்டி கண்ணம்மா... நீ போட்டதுதான் சரி. போய்ப் படுத்துக்கோ."

டக்... டக்... முதல் தடவையாகக் கைதட்டல் சத்தம் வந்தது.

ஒருவர் ஜெயித்ததும் அடுத்து விளையாடுபவரின் பெயரைக் கேட்கும் அது. கேட்டது. கீபோர்டு அசைந்தது. ஏ... பி... பி... ஏ... அப்பா.

மாமா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அத்தை ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள். நிமிர்ந்து, இன்னும் அணையாத திரையில் இருந்த பெயரைப் படித்தாள். அலறவில்லை. தேம்பித் தேம்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மாவக் கூப்பிட மாட்டியாடி?"

பிளக் அவள் கையில்தான் இருந்தது. கீபோர்டில் மறுபடி... டக்.