ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்

காலை ஷிப்டு கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டால், ராயக்கோட்டையில் ஏறி ஓசூரில் இறங்குவதற்குள் ஐந்து ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்துவிடலாம் ஐயா. ஒன்பது வருஷமாக நான் அப்படித்தான் செய்கிறேன். நோட்டில் மூன்று பத்தி போட்டிருப்பேன். சொல், அர்த்தம், எடுத்துக்காட்டு வாக்கியம். முதல் இரண்டும் நிரம்பி வழியும். மூன்றாவது பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். வாக்கியம் மட்டும் எனக்கு வராது.

சூப்பர்வைசர் இன்டர்வியூவுக்கு மூன்று தடவை போனேன். கடைசித் தடவை அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "விஜயகுமார், உங்களுக்கு டிக்‌ஷனரியே தெரியுது. ஆனா ஒரு வாக்கியம்கூடத் தப்பில்லாம வர மாட்டேங்குதே." அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேலை மாதவனுக்குப் போனது. சாத்தூர்ப் பக்கத்து ஆள், இங்கே வந்து நாலே வருஷம். ஒரு சொல்லைக்கூட உட்கார்ந்து படித்தவன் இல்லை. "சார், மெஷின் ஒன் சைடு க்ரையிங் சார்" என்பான். மெஷின் அழுகிறதாம். அதிகாரிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், உடனே மெக்கானிக்கையும் அனுப்பிவைப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவன்மேல் எனக்குப் பகை கிடையாது. வாய்க்கு வாய் அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

ஆடி மாதம் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் சென்சார் கெட்டுப்போனது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சார் அது. மாதவன் இரண்டு நாள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். லோடு அவசரம், ஓட்டு என்றார்கள் மேலே. மூன்றாம் நாள் ஆபரேட்டர் வரவில்லை, இவனே போய் நின்றான். வலது கையில் நாலு விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்தவனிடம் நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். ஹெட் ஆபீஸ் வடக்கே இருப்பதால் ஆங்கிலத்தில்தான் வேண்டுமாம். அவன் மனைவி ரஞ்சிதா எனக்குப் போன் செய்தாள். "அவுகளால பேனா பிடிக்க முடியலண்ணே. நீங்கதான் வந்து எழுதிக் குடுக்கணும்." மதியமே போனேன்.

"சென்சார் ஓடலன்னு எழுதுங்கண்ணே," என்றான் மாதவன். "தெரிஞ்சும், லோடு நிக்கக் கூடாதேன்னு முழு மனசோட செஞ்சேன்னு, நல்ல வார்த்தையாப் பாத்துப் போடுங்க."

இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியமாக எழுதினேன். சென்சார் வேலை செய்யாது என்று தெரிந்தும் நான் வில்ஃபுல்லாக மெஷினை ஓட்டினேன். அவனுக்கு வாசித்தும் காட்டினேன்.

"வில்ஃபுல்னா என்னண்ணே?"

"வில்லுன்னா மனசு. ஃபுல்லுன்னா முழுசு."

"முழு மனசு," என்றான். சொல்லிப் பார்த்துக்கொண்டான். முகம் மலர்ந்தது. "சரியா இருக்குண்ணே." இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தான். ரஞ்சிதா எனக்கு பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

இருபது நாளில் பதில் வந்தது. வேண்டுமென்றே செய்ததாக அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான், ஆகவே நஷ்டஈடு கிடையாது, வேலையும் கிடையாது. ரஞ்சிதா இப்போது பாகலூரில் ஒரு ரோஜாப் பண்ணைக்குப் பூ வெட்டப் போகிறாள். மாதவன் இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறான். வழியில் பார்த்தால் இன்றைக்கும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான். அது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

மாதவன் நஷ்டஈடு கேட்டுப் போட்ட கேஸில், நேற்று உங்கள் முன்னால் நடந்த விசாரணையோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம். நீங்களே பெரிய மனது பண்ணி, "அர்த்தம் தெரியாம எழுதிட்டார்" என்று குறித்துக்கொண்டீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது வருஷம் படித்தவனைப் பார்த்துத் தெரியாமல் என்று எழுதலாமா?

இந்தாருங்கள் நோட்டு. பொங்கலுக்கு முந்தின வாரப் பக்கத்தைப் பாருங்கள். வில்ஃபுல்: வேண்டுமென்றே. சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறேன். மூன்றாவது பத்தி அதுவரை காலியாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து நிரப்பினேன்.

ஹெட் ஆபீஸில் படித்தார்கள், வக்கீல் படித்தார், நீங்களும் படித்தீர்கள். அந்த வாக்கியத்தில் யாராவது ஒரு தப்பு கண்டுபிடித்தீர்களா ஐயா?