கிணத்துக்குச் சுவரு வந்த விதம்

எனக்குக் கையெழுத்து நல்லா வரும்ங்க ஐயா. அதனால இந்த வாக்குமூலத்த நானே எழுதித் தர்றேன், உங்க ரைட்டருக்கு ஒரு வேலை மிச்சம்.

என் பேரு சிங்காரம். ஜமுனாமரத்தூர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். ஊர்ல 'மனு சிங்காரம்'னாத்தான் தெரியும். "நீ என்னக் கட்டிக்கினியா, போஸ்ட் ஆபீசக் கட்டிக்கினியா?"ன்னு என் வூட்டுக்காரி செல்லம்மா கேப்பா. நியாயமான கேள்விதான். பதில் சொல்ல நேரமில்லாம மனு எழுதிக்கினு இருப்பேன்.

எங்க ஊர்ப் பொதுக்கிணறு பாதையோரமா, தரையோட தரையா வாயத் தொறந்துக்கினு கெடந்துச்சு. கைப்பிடிச் சுவர் கட்டணும்னு கிராம சபையில ஏழு வாட்டி தீர்மானம் போட்டாங்க. எல்லாரும் கை தூக்குவாங்க, சுண்டல் சாப்புடுவாங்க, வூட்டுக்குப் போய்டுவாங்க. போட்ட தீர்மானத்த நீங்களே செய்யலன்னா அது எதுக்குங்கன்னு கேட்டு ஆறு வருஷத்துல முப்பது மனு. ஊதுற சங்க ஊதி வெச்சேன். தலைவர் என்னப் பார்த்தா வண்டியத் திருப்பிக்கினு போவாரு. அதுல எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

நடுவுல பாஞ்சாலி ஒரு வேலை பண்ணிட்டா. கிணத்துக்கு மேலண்ட நிலம் வெச்சிருக்கறவ, என் மனுவுல எப்பவும் மொதக் கையெழுத்து அவளதுதான். புருஷன் சிவசங்கரக் கூட்டிக்கினு போயி இலந்தை முள்ள வெட்டியாந்து, கிணத்தச் சுத்தி வேலி போட்டுட்டா. அரை நாள்தான் ஆச்சு.

முப்பத்தோராவது மனுவுக்கு இன்ஜினியரே நேர்ல வந்தாரு. "வேலிதான் இருக்குதே, இன்னா அவசரம்?"னு கேட்டாரு. ஆபத்து இல்லன்னு எழுதிக்கினு போய்ட்டாரு. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. நாலு முள்ளு என்னத் தோக்கடிச்சிடுச்சு.

சந்தை அன்னிக்கு ஊரே காலி. பாதைப் பக்கத்து முள்ள மட்டும் எடுத்தேன். மத்த மூணு பக்கம் வுட்டுட்டேன், எனக்கும் பொறுப்பு இருக்குதில்ல. எடுத்தத வீணாக்கல, என் அவரைக்காய்த் தோட்டத்துக்கு வேலியாக்கிட்டேன். ஒரு போட்டோ புடிச்சு மனுவோட சேர்க்கணும், அவ்ளோதான் நெனப்பு. ஆனா வெறும் கிணத்த எவன் பார்ப்பான்? ஓரமா ஒரு ஆளு நின்னாத்தான் ஆபத்துன்னு தெரியும். மறுநாள் காலையில செல்போனோட பலாமரத்தடியில உக்காந்தேன்.

பாஞ்சாலி வந்தா. தலையில புல்லுக்கட்டு, கண்ணு வரைக்கும் தொங்குது. முள்ளு சேலையில உரசுனதும் இடது பக்கம் திரும்பறது அவ பழக்கம். எனக்கு அது தெரியும். கூப்புடலாம்னு வாயத் தொறந்தேன். கூப்புட்டா அங்கியே நின்னுடுவா, படத்துல கிணறு தூரமாத் தெரியும். ரெண்டு அடி வரட்டும்னு இருந்தேன். மூணு அடி வந்துட்டா.

படம் தெளிவா வந்துச்சு. எனக்கு நீச்சல் தெரியாதுங்க. 108-க்குப் போன் பண்ணது நான்தான், அதையும் சேர்த்துக்கணும். வண்டி மலையேறி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு.

ஆட்டுக்காரங்க முள்ள இழுத்துப் போட்டிருப்பாங்கன்னு ஊர்ல பேசிக்கினாங்க. என்மேல யாருக்கும் சந்தேகமில்ல. "நீ எழுதுனதக் கேட்டிருந்தா அவ இருந்திருப்பாளே அண்ணா"ன்னு சிவசங்கர் என் கையப் புடிச்சிக்கினு அழுதான். நானும் அழுதேன். நெசமாத்தான் அழுதேன்.

பதினோரு நாள்ல சுவரு எழும்பிடுச்சு. நேத்து தொறந்து வெச்சாங்க. கல்லுல தலைவர் பேரு இருக்குது, இன்ஜினியர் பேரு இருக்குது. பாஞ்சாலி பேரு இல்ல, அது கூடப் போவட்டும். இன்னிக்குக் கடையக் கூடத் தொறக்காம நேரா உங்ககிட்ட வந்துட்டேன். முள்ள எடுத்தவன் நான். அவளக் கூப்புடாதவன் நான். அந்தச் சுவரு யாரால வந்துச்சுன்னு எங்கனா ஒரு எடத்துலயாவது எழுதியிருக்கணுமில்லீங்களா.