கிளட்ச்சுக்கு அடியில் ஒரு கால்மிதி

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்த கை, பேனாவையும் முறுக்கத்தான் பார்க்கிறது. என் பெயர் தம்பிதுரை. சிங்காநல்லூரில் பழைய கார்களுக்கு மட்டும் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைக் காதிலும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கோளாறைச் சொல்லிவிடுவேன். கண்ணை மூடுவது கூட்டத்துக்காக. திறந்திருந்தாலும் அதே சத்தம்தான் கேட்கும்.

நவநீத்தின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரும் அப்படித்தான் வந்தது. மில் குடும்பம். மகள் ஹாரிகாவுக்கு அடுத்தபடியாக அவர் கொஞ்சுவது அந்த அறுபது வருடத்து வண்டியைத்தான். நின்ற இடத்தில் முதல் கியர் விழாமல் கரகரவென்றது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பழைய கார் பிரியர்கள் பன்னிரண்டு பேர் சுற்றி நின்றார்கள். நான் கண்ணை மூடி, "கியர்பாக்ஸ் போச்சுங்க" என்றேன். எஞ்சினை அணைத்துவிட்டுக் கியர் போட்டிருந்தால் வழுவழுவென்று விழுந்திருக்கும். அப்படி விழுந்தால் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது, கிளட்ச்தான் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் இது தெரியும். ஆனால் அவனுக்குக் கூட்டம் கூடுவதில்லை.

மறுநாள், பதினைந்து வருடமாக என்னோடு வேலை பார்க்கும் இஸ்மத் பாய், கிளட்ச் பெடலுக்கு அடியிலிருந்து புதுத் தேங்காய்நார்க் கால்மிதி ஒன்றை உருவினார். பெடல் தரை வரை போனது. கியர் விழுந்தது.

"இதுதான் தடுத்துட்டு இருந்துச்சுங்ணா. அவருக்கு போன் போட்டுச் சொல்லிப்போடலாமுங்களா?"

"நானே சொல்லிக்கறேன். நீங்க சாப்பிடப் போங்க பாய்."

அந்தப் பன்னிரண்டு பேர் முன்னால் கால்மிதியும் கையுமாக நிற்பதை நினைத்தேன். பயமாக இருந்தது. ஆகவே கியர்பாக்ஸை இறக்கி, மூன்றாவது கியரைப் பிடித்து நிறுத்தும் பற்களை அரத்தால் கொஞ்சம் மழுக்கினேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கொஞ்ச நாளில் கியர் தானாக நழுவும், நான் சொன்னது பலிக்கும், வண்டி திரும்பி வரும், சரிசெய்து கொடுத்து நல்ல பெயரும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

இப்போதைக்கு ஓடும் என்று நான் சொன்னதை நம்பி வண்டியை எடுக்க வந்த நவநீத், ஞாயிற்றுக்கிழமை மகளுடன் கோத்தகிரி போவதாகச் சொன்னார். இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே அந்தக் கியர் நழுவும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மலைக்குப் போகிறவரிடம் எந்த மெக்கானிக்கும் சொல்வதை நான் சொல்லாமல் விட்டால் சந்தேகம் வருமே.

"இறங்கறப்ப மூணாவதுலயே வாங்க தம்பி. கியரே வண்டியப் புடிச்சுக்கும்."

"நீங்க சொன்னாச் சரிதானுங்ணா" என்றார்.

ஞாயிறு காலையில் மூன்று முறை போனை எடுத்தேன். எடுத்தால் கால்மிதியிலிருந்து அல்லவா ஆரம்பிக்க வேண்டும். வைத்துவிட்டேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஏழு நாள்தான் தாங்கியது; என் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான். கியர் நழுவியதும் முழுப் பாரமும் பழைய பிரேக்கின் மேல் விழுந்து, அது சூடேறிக் கைவிட்டிருக்கும். அப்பாவும் மகளும் பள்ளத்தில் இறந்து கிடந்ததைப் பேப்பரில்தான் பார்த்தேன். ஹாரிகாவுக்கு ஒன்பது வயது.

நீங்கள் பிரேக் கோளாறு என்று எழுதி, அந்த வண்டிக்குப் பிரேக் வேலை பார்த்த இஸ்மத் பாயை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்து உட்காரவைத்திருக்கிறீர்கள். அவருக்காகத்தான் வந்தேன் என்று வாசலில் ஏட்டையாவிடம் சொன்னேன். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பல்லை மழுக்கியது நான். தெரிந்தே மலைக்கு அனுப்பியதும் நான். அந்தக் கால்மிதி என் ஒர்க்‌ஷாப் வாசலில் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். எந்தத் தண்டனையானாலும் சரி.

பிரேக் என்பதை மட்டும் அடித்துத் திருத்திவிடுங்கள். அது கியர்பாக்ஸ். நான் முதல் நாளே சொன்னேன், பன்னிரண்டு பேர் சாட்சி.