நிர்வாகி சின்னக்கண்ணு

எனக்கு நாற்காலியில் உட்காரப் பிடிக்கும். முதுகு உள்ள எல்லாருக்கும் பிடிப்பதுதான். என் முதுகு வெள்ளிமலைச் சாமைச் சங்கத்தின் கிடங்கில் மூட்டை தூக்கியே தேய்ந்தது, அதனால் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகப் பிடிக்கும்.

நாற்காலி கிடைத்தது ராதிகாவால். சங்கத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளக் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த பெண். நரைத்த தலைக்காரனான எனக்குச் சாப்பாட்டு நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். கம்ப்யூட்டரையே தமிழுக்கு மாற்றி, பழகுவதற்கு என் பெயரிலும் ஒரு கணக்குத் திறந்தாள். தனக்கு இருந்த 'நிர்வாகி' அதிகாரத்தை எனக்கும் கொடுத்தாள்.

"எனக்கு பாஸ்வேர்டு மறந்துபோச்சினா நீங்கதான் தொறந்து வுடணும்ணா" என்று சிரித்தாள்.

எழுத்து வந்ததும் செயலாளர் தமிழரசன் என்னை எடை எழுத உட்காரவைத்தார். தராசுக்காரன் முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று கூவுவான். அதைச் சாய்ந்து உட்கார்ந்து எழுதுவேன். கலெக்டர்கூட அவ்வளவு சாய்ந்திருக்கமாட்டார்.

பிறகு தராசைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் மென்பொருள் ஒன்று வாங்கினார்கள். அதை ஏற்றிவிட்டால் எடை தானாகவே பதிவாகும்.

"அப்ப நானு?" என்று கேட்டேன்.

"பழையபடி மூட்டைக்கி வந்துடு. ஒடம்பும் கம்மியாவும்" என்றார் செயலாளர்.

மாதக் கடைசிக்குள் அதை ஏற்றிக் காட்டினால்தான் ராதிகாவின் வேலை நிலைக்கும். அவள் அப்பாவுக்கு வாராவாரம் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்யும் செலவு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. இது எனக்குத் தெரியாது என்று பொய் சொல்லமாட்டேன்.

அவள் கை கழுவப் போன நேரத்தில் என் கணக்கில் நுழைந்தேன். அவள் பெயருக்கு எதிரே 'நிர்வாகி' என்றிருந்தது. அதை அழுத்தினால் கீழே 'சாதாரணப் பயனர்' என்று வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்து, அதைத் தொட்டுவிட்டு எழுந்தேன். மூட்டையைவிட லேசான வேலை.

மறுநாள் அவள் மென்பொருளை ஏற்றப் பார்த்தாள். திரையில் ஒரு பெட்டி வந்தது. அவள் கேட்காமலே நான் உரக்கப் படித்தேன்: "இதை நிறுவ உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகியின் கடவுச்சொல்லை இடவும்."

"திக்காம படிக்கிறீங்களேண்ணா" என்று கைதட்டினாள். தன் கஷ்டத்தை அந்த நிமிஷம் மறந்தேபோனாள்.

அப்புறம் வைரஸ் தடுப்பை அணைத்துப் பார்த்தாள், கோப்புறையின் அனுமதிகளைத் திருத்தப் பார்த்தாள், வீடியோ பார்த்துப் பார்த்து அதில் சொன்னதையெல்லாம் செய்தாள். எல்லாவற்றுக்கும் அதே பெட்டி.

"என் கணக்குக்கு இன்னாமோ ஆயிடுச்சி. உங்க பாஸ்வேர்டு போடுங்கண்ணா."

"மறந்துபோச்சி பாப்பா."

உடனே நம்பினாள். வயசு போன காலத்தில் படித்தவனுக்கு இது ஒரு வசதி, எதை மறந்தாலும் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். "பரவால்லண்ணா, எனக்கே மறக்கும்" என்று தேற்றவும் செய்தாள். நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மாதம் முடிந்தது. "ஒரு பொட்டியத் தொறக்கத் தெரியாதவளுக்கு இன்னாத்துக்கு சம்பளம்?" என்றார் செயலாளர். அவள் பையை நான்தான் பஸ் வரைக்கும் தூக்கிவந்தேன். தூக்குவது எனக்குக் கைவந்த தொழில். "எழுத்த வுட்டுடாதீங்கண்ணா" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

அடுத்த வாரம் மலைக்குக் கீழேயிருந்து ஒருவன் வந்தான். கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் துடைத்துப் புதுசாக்கி, ஒரு டீ ஆறுவதற்குள் மென்பொருளை ஏற்றிவிட்டான். என் நிர்வாகமும் அதோடு போயிற்று. இப்போது எடை தானாகப் பதிவாகிறது. அதற்கு 'லாபம்' தெரியாது, ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. நாற்காலியில் தராசின் உறை கிடக்கிறது. நான் மூட்டை தூக்குகிறேன்.

ராதிகாவின் அப்பா பொங்கலுக்கு முன்னால் தவறிவிட்டாராம். சீக்காளிதானே, எப்படியும் ஒருநாள் போகிறவர்.

கடவுச்சொல் எனக்கு ஒருநாளும் மறக்கவில்லை. முதன்முதலாகப் பிழையில்லாமல் எழுதிய சொல்லைத்தான் வைத்திருந்தேன்: ராதிகா. இன்றைக்கும் சாமை மாவில் விரலால் எழுதிப் பார்க்கிறேன், ஒரு கால்கூடத் தவறுவதில்லை. நன்றி மறந்தவன் என்று மட்டும் என்னை யாரும் சொல்ல முடியாது.