கவிழ்ந்தால் மூன்று தட்டு

கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகில் ஏறுவதற்கு முன்னால் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. முதல் நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். மேயர் மட்டும் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டான். கரையில் நின்றபடியே வாழைப்பழங்களை உரித்து உரித்து உள்ளே தள்ளிவிட்டு, "தெம்பு வேணும்ல?" என்று வயிற்றைத் தடவிக்கொள்வான்.

மேயர் என்றதும் நிமிர்ந்து உட்காராதீர்கள். அவன் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. பள்ளிக்கூடத்திலேயே மைக் கிடைத்தால் விடமாட்டான், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். மேசை, நாற்காலி, கட்டில் விற்கிற கடை வைத்திருந்தான். கடை திறப்பு, கல்யாணம், சாவு, எதுவானாலும் முன்வரிசையில் அவன்தான் நிற்பான், யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

நீங்கள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்த தாளில் கையெழுத்துப் போடுகிறேன். விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, அழகாகவே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டும். டீயைக் குடியுங்கள், ஆறிவிடும்.

நான் கிளப் நீச்சல்குளத்தில் பயிற்சியாளன். மேயர், பல் டாக்டர், கணக்கு வாத்தியார், நான் என்று நாலு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவுக்கு ஒரு நடைப்பயிற்சி அறை அமைக்க நிதி திரட்டினார்கள். துறைமுகத்திலிருந்து எதிரே தெரிகிற தீவு வரை கடலில் கயாக் ஓட்டிப் போய்வர வேண்டும், அதைச் சொல்லி நன்கொடை கேட்க வேண்டும். நன்றாக இருக்கிற மனிதர்கள் தண்ணீரில் மூச்சு வாங்கினால் குழந்தைகளின் கால் ஏன் சரியாகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் மேயர் ஒரே பிடியாக நின்றான். "நம்ம பாப்பாவுக்காகடா" என்றான்.

பாப்பா என் மகள். பத்து வயது. முதுகுத்தண்டில் ஒரு கட்டி வந்து, அறுவை செய்து எடுத்தார்கள். பிழைத்துவிட்டாள், கால்கள்தான் மறந்துவிட்டன. நடையை முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். அவளுக்கு அம்மா இல்லை. என் மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. அந்தச் சாவு வீட்டிலும் வண்டி பிடித்தது, தன் கடை நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது எல்லாம் மேயர்தான். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்கள். என் மனைவி செத்த வீட்டில்கூட எனக்கு இரண்டாவது வரிசைதான் கிடைத்தது.

போகட்டும். பனியன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் பெட்டி நிறையப் பனியன்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் என் மகள் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே கொட்டை எழுத்தில் 'இவளுக்காக' என்று போட்டிருந்தது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேயரின் தொப்பையில் அவள் முகம் பக்கவாட்டில் இழுபட்டு யாரோ ஒரு குழந்தை மாதிரி இருந்தது. பல் டாக்டர் முதல் நாளே அவள் நெற்றியில் காபியைக் கொட்டிக்கொண்டான். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

பயிற்சி முழுக்க என் பொறுப்பு. முதலில் குளத்தில், பிறகு துறைமுகத்துக்குள், கடைசியாக வெளிக்கடலில் என்று திட்டம் போட்டேன். மூன்று பேரும் துடுப்பைக் கையில் வாங்குவதற்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி வாங்கியவர்கள். கணக்கு வாத்தியாருக்கு வலது இடது தெரியாது. பல் டாக்டர் தண்ணீரில் விழுந்தால் முதலில் தன் தலைமுடியைச் சரிசெய்வான். மேயர் ஏறி உட்கார்ந்ததும் படகு ஒரு பக்கமாகச் சாயும். இந்த லட்சணத்தில் செய்தித்தாளில் போட்டோ வேறு வந்துவிட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கயாக்கில் உட்காருகிற துளைக்குள் தண்ணீர் புகாமல் இருக்க, இடுப்பைச் சுற்றி ஒரு ரப்பர் துணியை மாட்டி, துளையின் விளிம்போடு இறுக்கி மூடிவிடுவோம். நாங்கள் அதைப் பாவாடை என்போம். அதன் முன்பக்கம் ஒரு பட்டை வெளியே தொங்கும். படகு கவிழ்ந்தால் அந்தப் பட்டையை இழுக்க வேண்டும். பாவாடை கழன்றுகொள்ளும், ஆள் வெளியே வந்துவிடலாம். இது ஒரு வழி.

இன்னொரு வழி, வெளியே வராமலே நிமிர்வது. தலைகீழாகத் தொங்கியபடியே இரண்டு கைகளையும் மேலே நீட்டி, படகின் அடிப்பக்கத்தை மூன்று முறை தட்ட வேண்டும். பிறகு கைகளை முன்னும் பின்னுமாக நகர்த்திக் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவன் தன் படகின் மூக்கைக் கொண்டுவந்து அந்தக் கையில் கொடுப்பான். அதைப் பிடித்து இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் நிமிர்ந்துவிடலாம். பார்ப்பதற்கு அழகான வித்தை, பக்கத்தில் ஆள் இருக்கிறவரைக்கும்.

மேயருக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். இதை அவன் என்னிடம் மட்டும்தான் சொன்னான். உடை மாற்றும் அறையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு நீலமாக இருந்தது.

"டேய், வெளிய சொல்லாத. கவுந்ததும் எனக்கு மூளையே நின்னு போகுது. பட்டை எங்க, கை எங்க, ஒண்ணும் தெரியல."

"அப்ப எதுக்கு வர்றே? விட்டுடேன்."

"பாப்பாகிட்ட சொல்லிட்டேனே. நீ தீவு வரைக்கும் போனா நான் கதவு வரைக்கும் நடக்கிறேன்னு சொல்லியிருக்கா." கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். "நீ பக்கத்துல இருந்தா போதும்டா. வேற ஒண்ணும் வேணாம்."

இதைக் கேட்டால் உங்களுக்கு மனம் இளகலாம். எனக்கு இளகவில்லை. பயப்படுகிறவன் கரையில் நின்று கைதட்டலாம். பயத்தையும் தூக்கிக்கொண்டு கடலுக்கு வந்து அதற்கும் சேர்த்துக் கைதட்டு வாங்குவதை நான் அலட்டல் என்றுதான் சொல்வேன். தவிர, அவள் கதவு வரைக்கும் நடக்கப்போவதை என்னிடம் சொல்லவே இல்லை.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி அவளுக்கு நடை பழக்குவார்கள். ஒரு முனையில் நான் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாதக்கணக்காக அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். "வா கண்ணு, வா கண்ணு" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த வார்த்தையே எனக்குக் கசந்துபோயிருந்தது. அன்றைக்கு மேயர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். யாரோடோ போனில் நாற்காலி விலை பேசிக்கொண்டே வந்தான். அவள் தலையைத் திருப்பினாள். கம்பியை விட்டாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவனை நோக்கி மூன்று அடி நடந்தாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். மேயர் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். நர்ஸ் ஒருத்தி அதை வீடியோ எடுத்து அனுப்ப, இவன் ஊருக்கெல்லாம் அனுப்பினான். எனக்கும் காட்டினான். "நீயும் இருக்கேடா, பாரு, உன் முழங்கை தெரியுது" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமான சந்தோஷத்தோடு சொன்னான். அவனைச் சகித்துக்கொள்வதில் இருந்த கஷ்டமே அதுதான். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

அதற்குப் பிறகு மேயருக்குப் பட்டையை இழுக்கும் பயிற்சி கொடுப்பதை நிறுத்திவிட்டேன். அவனுக்கு வராததைப் போட்டு வறுத்தெடுப்பானேன் என்று நினைத்தேன். ஒரு பயிற்சியாளன் எடுக்கக்கூடிய முடிவுதான் அது. தட்டுவதை மட்டும் பழக்கினேன். கவிழ்ந்தால் தட்டு, தட்டினால் நான் வருவேன். குளத்தில் அவன் தட்டும்போதெல்லாம் வந்தேன். ஒருமுறைகூடத் தாமதித்ததில்லை. போகப்போக அவன் பயம் விட்டுப்போயிற்று. தண்ணீருக்கடியில் அவன் சிரிப்பதைக்கூட ஒருநாள் பார்த்தேன். பல் டாக்டர் பட்டையை இழுத்து வெளியே நீந்தி வந்தால், "பயந்தாங்கொள்ளி, என்னைப் பார்த்துக் கத்துக்கோ" என்று மேயர் கத்துவான். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். எந்த எண்ணத்தோடு அப்படிப் பழக்கினாய் என்று கேட்பீர்கள். அந்தச் சமயத்தில் எந்த எண்ணமும் இல்லை என்பது என் பதில். பாதி உண்மையாவது அதில் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வெளிக்கடலில் கடைசிப் பயிற்சி. கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொருவருடைய பாவாடையையும் நான் சரிபார்ப்பது வழக்கம். பல் டாக்டருடையது சரி, வாத்தியாருடையது சரி. மேயர் பனியனை இழுத்துவிட்டுப் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்ததால் அவசர அவசரமாக மாட்டியிருந்தான். பட்டை உள்ளே மடங்கிக் கிடந்தது. அதை நீங்களும் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், அது அவன் கைத்தவறு என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் சரிதான். நான் குனிந்தேன், பார்த்தேன், அவன் தோளில் தட்டினேன்.

"எல்லாம் சரியாடா?" என்று கேட்டான்.

"சரி, கெளம்பு" என்றேன்.

அலைதடுப்புச் சுவரின் முனையைத் தாண்டியதும் கடல் கொஞ்சம் முரண்டுபிடிக்கும். சுவரில் மோதித் திரும்புகிற அலையும் எதிரே வருகிற அலையும் ஒன்றாகச் சேரும் இடம். மற்ற இரண்டு பேரும் முன்னால் போய்விட்டார்கள். மேயர் மூச்சு வாங்கப் பின்னால் வந்தான். அவனுக்குப் பக்கத்தில் நான். நாலைந்து துடுப்பு போட்டால் எட்டிவிடுகிற தூரம். ஒரு அலை அவனைப் பக்கவாட்டில் தூக்கிப் புரட்டிப்போட்டது.

நன்றாகக் கவனியுங்கள். நான் அவனைத் தள்ளவில்லை. அவன் படகில் கை வைக்கவில்லை. அதில் ஓட்டையோ கீறலோ இல்லை. அலையை நான் வரவழைக்கவும் இல்லை.

அவன் தட்டினான். மூன்று தட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடியே நிதானமாக, ஒரே சீராக. பிறகு கைகளை முன்னும் பின்னுமாக நகர்த்திக் காத்திருந்தான். மிதவைச் சட்டை போட்டிருந்தான், ஆனால் படகல்லவா அவனைப் பிடித்து வைத்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளும் வெள்ளையாக, விரல்கள் விரிந்து, என் படகின் மூக்கைத் தேடின. நான் துடுப்பை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டேன். மறுபடியும் மூன்று தட்டு. நல்ல மாணவன் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. அவன் பதறவில்லை. என்மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. பட்டையைத் தேடுகிற எண்ணம் அவனுக்கு வந்தபோது நேரம் கடந்துவிட்டது. தட்டுகள் முறை தவறி, கையால் பிறாண்டுவதுபோல ஆகி, பிறகு அதுவும் நின்றது. கைகள் இரண்டும் தண்ணீருக்குள் இறங்கின.

அப்புறம் போனேன். மிக வேகமாகப் போனேன், குதித்தேன், பாவாடையைக் கிழித்தேன், அவன் பெயர் சொல்லிக் கத்தினேன். பல் டாக்டர் திரும்பிப் பார்த்தது அதைத்தான். உயிரைக் கொடுத்துப் போராடினான் என்று உங்களிடம் சொல்லியிருப்பான். அவன் பார்த்தவரைக்கும் அது பொய்யில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும், பேசாமல் கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போட்டிருப்பேன். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தார்கள். நடைப்பயிற்சி அறைக்கு அவன் பெயர் வைக்கப் போகிறார்களாம். வாசலில் அவன் படம், கீழே 'குழந்தைகளுக்காக உயிர் நீத்தவர்' என்று ஒரு பலகை. நான் பேச வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் குழந்தைகளுக்காகச் சாகவில்லை. நான் துடுப்பைப் போடாததால் செத்தான். செத்த பிறகும் முன்வரிசையில் வந்து நிற்கிறானே, இதற்கு ஒரு முடிவு வேண்டாமா? யாராவது ஒருவருக்காவது உண்மை தெரிய வேண்டும் என்று பட்டது, அவ்வளவுதான்.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். நல்லது. எழுதினாலும், சும்மா உட்கார்ந்திருந்தான் என்று எழுதி ஒருவனை என்ன செய்வீர்கள்? நீங்கள் இங்கே கேட்டதை நான் வெளியே சொல்லப் போவதில்லை.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நடப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. முயற்சி செய்தால் நடப்பாள், மனசுதான் தடுக்கிறது என்கிறார் டாக்டர். நான் அவளைக் கட்டாயப்படுத்துவதில்லை. எதற்கு அவசரம்? கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து ஜன்னலுக்கு, எங்கே போக வேண்டுமானாலும் இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறாள். வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு?

இதோ, உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். ஒரு நிமிடம் இருங்கள், போய்த் தூக்கிக்கொண்டு வருகிறேன். என் மகள் இரண்டாவது முறை கூப்பிடும்படி நான் ஒருநாளும் விட்டதில்லை.